அத்தானின் ஐந்து சுற்று

என் அத்தான் அதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால்கூட, "பரவாயில்லைங்க, உங்க கால் அங்கதான் வந்தாகணும்" என்று சிரிப்பார். சிக்கல் அவர் மற்றவர் காலை மிதிக்கும்போதுதான். அப்போதும் அதே சிரிப்பு, அதே வசனம்.

அக்காவின் கணவர் அவர். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக அட்டெண்டர். காலை எட்டரைக்குப் பூட்டைத் திறந்து, மேசைகளைத் துடைத்து, அன்றைய சோதனைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது அவர் வேலை. எந்த ஸ்பிரிங் இழுபட்டுத் தளர்ந்துவிட்டது, எந்த ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லும், எந்த லென்சில் கீறல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக வந்த பேராசிரியர்களுக்குக் கணக்கு உதைத்தால் முதலில் கரும்பலகையைப் பார்ப்பார்கள், பிறகு கூரையைப் பார்ப்பார்கள், கடைசியில் அத்தானைத் தேடி வருவார்கள்.

அவர் படித்தது பள்ளிக்கூடம் வரைக்கும்தான். ஆனால் இருபத்திரண்டு வருடம் பின் சுவரில் சாய்ந்து நின்று பாடம் கேட்டிருக்கிறார். அதில் ஒரே ஒரு விஷயம் அவருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஒரு பொருள் இப்போது எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, எது அதை இழுக்கிறது என்று தெரிந்தால் போதும். நாளைக்கு அது எங்கே இருக்கும் என்பது இன்றைக்கே முடிவாகிவிட்டது. மாணவர்கள் இதைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோனார்கள். அத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். எங்கள் அக்காவுக்குப் பிடித்தது சனி.

டீ டம்ளரை முழங்கையால் தட்டிவிடுவார். அக்கா ஓடி வருவாள்.

"உலகம் உண்டான அன்னிக்கே இந்த டம்ளர் இங்க கவிழணும்னு முடிவாயிடுச்சு" என்பார்.

"அப்படியா? அப்ப நான் இப்ப கத்தப்போறதும் அன்னிக்கே முடிவானதுதான். உக்காந்து கேளுங்க."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு 'ஏற்கெனவே' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் "அது ஏற்கெனவே முடிவானதுப்பா" என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். "ஏற்கெனவே வந்துட்டாரா?" என்று வராந்தாவில் யாராவது கேட்டால், கொஞ்சமும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு இரும்புக் குண்டு. இரண்டு வயதுக் குழந்தையின் எடை இருக்கும். ஆய்வகக் கூரைக் கொக்கியிலிருந்து கம்பியில் தொங்கும். வருடா வருடம் முதல் வகுப்பன்று அத்தான் சுவரில் பின்மண்டையை ஒட்டி நிற்பார். குண்டை இழுத்துத் தன் மூக்கு நுனியில் வைத்து, அப்படியே விட்டுவிடுவார். அது அறையின் மறுபக்கம் வரைக்கும் போய், அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வரும். முன்வரிசையில் நாலு பேர் அலறுவார்கள். அத்தான் இமைக்க மாட்டார். மூக்குக்கு ஒரு நூலிழை முன்னால் குண்டு நின்று, திரும்பிப் போய்விடும்.

"தள்ளாம விட்டா, விட்ட இடத்தைத் தாண்டி வராது. அதுக்கு வேற வழியே கிடையாது" என்பார். இருபத்திரண்டு வருடம் கழித்தும் முகத்தில் மூக்கு இருந்தது. தன் கொள்கைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

நாற்பத்தைந்தாவது வயதில் அக்கா அஞ்சல் வழியில் தத்துவப் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். இந்த வயதில் படிப்பின் மேல் இவ்வளவு ஆசையா என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். ஆசையாவது ஒன்றாவது! என்னிடம் அவளே சொன்னாள்: "டேய், அந்த மனுஷன் தினமும் என் வாயை அடைக்கிறார். அவருக்கு ஒரு பதில் இருக்குன்னு எனக்குத் தெரியுது. அது எங்க இருக்குன்னுதான் தெரியல. போய்த் தேடிட்டு வரேன்."

மூன்று வருடம் தேடினாள். அடுப்பங்கரையில் டப்பாக்களின் மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். அத்தானும் உண்மையிலேயே உதவினார். குறிப்புகளை நகல் எடுத்துக்கொடுத்தார், அவள் படிக்கும்போது பாத்திரம் கழுவினார், கழுவும்போது உடைத்தார், உடைந்தது ஏற்கெனவே முடிவானது என்றார். எல்லாத் தாளிலும் அவள் தேறிவிட்டாள். கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. அந்தப் பரீட்சை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. வியாழக்கிழமை காலை அக்கா தன் போனை அத்தானிடம் கொடுத்து, "முடியற வரைக்கும் இதை என் கண்ணுல காட்டாதீங்க, லேப்ல வச்சுப் பூட்டுங்க" என்றாள். அதன் பிறகு வீட்டில் அவளுக்கு நேரம் காட்ட இருந்தது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். கல்லூரியில் கழித்துக்கட்டிய பழைய ஊசல் கடிகாரத்தை அத்தான் பழுதுபார்த்து மாட்டியிருந்தார். அது வாரத்துக்கு நான்கு நிமிடம் வேகமாக ஓடும். பரீட்சை நேரத்தில் அவளுக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று வியாழன் மாலை அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார்.

ஊசலின் அடியில் ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைத் திருகினால் ஊசலின் நுனியிலுள்ள குண்டு இறங்கும். குண்டு இறங்கினால் ஊசல் நீளும், கடிகாரம் மெதுவாகும். கால் சுற்று போதும். இது அத்தானுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அன்று ஐந்து முழுச் சுற்று சுற்றிவிட்டார். அது எப்படி நடந்தது என்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. அதை நான் பிறகு சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் சுணங்க ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளேயே படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? அத்தான் கைக்கடிகாரம் கட்டுகிறவர், சுவரைப் பார்க்கவே மாட்டார். தான் சரிசெய்ததைத் தானே மறுபடி சரிபார்ப்பது அவருக்கு அவமானம் வேறு. ஞாயிறன்று, மறுநாள் செய்முறைத் தேர்வுக்கு மேசை போட வேண்டும் என்று காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டார்.

பரீட்சை மையத்தில் ஒன்பதரைக்குக் கேட்டை மூடுவார்கள். தன் கணக்குப்படி ஒன்பது பத்துக்கு அக்கா போய் நின்றாள். காவலாளி தன் போனை எடுத்துக் காட்டினார். ஒன்பது முப்பத்தாறு. இருபது நிமிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தே திரும்பினாள். பேருந்தில் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்று ஏறவில்லையாம்.

மாலையில் பரீட்சை எப்படி என்று விசாரிக்க நான் போனபோது, அத்தான் கடிகாரத்தை மேசையில் கிடத்தியிருந்தார். நட்டைப் பார்த்து, திருகில் அது இறங்கியிருந்த சுற்றுகளை எண்ணினார். ஐந்து. முகம் வெளிறிப்போனது. எனக்கும்தான். அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பழக்கதோஷம் யாரை விட்டது?

"நடக்கணும்னு இருந்தது நடந்துடுச்சு" என்றார். "இதுக்கு வேற வழியே கிடையாது."

அக்கா உள்ளே போய் இரண்டு பையில் துணியையும் புத்தகங்களையும் அடைத்துக்கொண்டு என் பின்னால் கிளம்பிவிட்டாள்.

எனக்குக் கண்ணாடிக் கடை. கீழே கடை, மேலே இரண்டு அறை. ஒன்றில் நானும் மனைவியும், இன்னொன்றில் விற்காத பிரேம்கள். பிரேம்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அக்கா குடியேறினாள். முதல் வாரம் என் மனைவி நாத்தனாரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். இரண்டாவது வாரம் தாங்கிக்கொண்டாள். மூன்றாவது வாரம் என்னைப் பார்த்து, "உங்க அத்தானுக்கு நாக்குல சுளுக்கா? ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள்.

அக்காவின் நிபந்தனை அந்த ஒரு வார்த்தைதான். "தப்பு என்னோடதுன்னு அவர் வாயால சொல்லட்டும். அன்னிக்கே கிளம்பறேன். அது வரைக்கும் அடுத்த பரீட்சைக்கான ஃபாரத்தையும் தொட மாட்டேன்." ஃபாரம் கொடுக்கக் கடைசி நாளுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதை விட்டால் மூன்று வருடப் படிப்பும் காலாவதி. அவளிடம் அந்தக் கணக்கைச் சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

தூது போனது நான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்துக்குப் போனால், அத்தான் லென்ஸ் டப்பாக்களுக்கு நடுவில் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

"சொல்லித் தொலைங்களேன் அத்தான்."

"சொன்னா பொய்யாயிடும் மாப்ள. வேற மாதிரி நடந்திருக்கலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் எப்படி ஒத்துக்கறது?" பன் தொண்டையில் இறங்கும் வரை யோசித்தார். பிறகு கண் மின்னியது. "அவளுக்கு நிரூபிச்சே காட்டிடறேன்."

சுவரில் மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். ஒரு இரும்புப் பட்டை, அதன் நுனியில் மூட்டு வைத்து இன்னொரு பட்டை. தொடையும் முழங்காலும் மாதிரி. இரட்டை ஊசல். ஒரு பேராசிரியர் கேட்டாரென்று பழைய சாமான்களைக் கொண்டு அத்தானே செய்தது.

"இதை ஒரே இடத்திலேருந்து அஞ்சு தடவை விடறேன். அஞ்சும் ஒரே மாதிரி ஆடினா அவ பேசாம வீட்டுக்கு வரணும். ஒண்ணு மாறினாலும் அந்த மன்னிப்பை நான் கேக்கறேன். போய்ச் சொல்லு."

அக்காவிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒரு மூட்டா, ரெண்டு மூட்டா?" என்று கேட்டாள். ரெண்டு என்றேன். "சரி, வர்ற சனிக்கிழமை மூணு மணிக்கு வரேன்னு சொல்லு" என்று புத்தகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அத்தான் செய்த தவறு, பந்தயம் கட்டிவிட்டுப் பிறகு பழகிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடம் ஒற்றை ஊசலோடு வாழ்ந்தவர். அது சொன்ன சொல் தவறாதது. இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். புதன்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது, ஜன்னல்களையெல்லாம் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழிந்தபடி நின்றிருந்தார். சுவர் முழுக்கச் சாக்கட்டிக் கோடுகள்.

கையால் விட்டுப் பார்த்திருக்கிறார். கை நடுங்குகிறது என்று நூலில் கட்டி, நூலைத் தீக்குச்சியால் எரித்துப் பார்த்திருக்கிறார். பிறகு மின்காந்தம். மூட்டுக்கு எண்ணெய். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மூன்று ஆட்டம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். நான்காவதில் ஒரு தடவை கீழ்ப்பட்டை தலைக்குமேல் சுற்றும், மறு தடவை பாதி வழியில் மனம் மாறித் திரும்பும். தெருவில் போகும் லாரியைத் திட்டினார். கடைசியில் என்னைத் திட்டினார்.

"மாப்ள, மூச்சை அந்தப் பக்கம் விடு."

அந்தப் பக்கம் விட்டேன். அப்போதும் மாறித்தான் ஆடியது.

"ஆரம்பத்துல ஒரு மயிரிழை வித்தியாசம்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "முதல் ஆட்டத்துல தெரியல. ரெண்டாவதுல தெரியல. நாலாவதுல அது தன் வழியைப் பாத்துக்கிட்டுப் போயிடுது."

"அப்ப உங்க கொள்கை அவுட்டா?"

"அதெப்படி? ஒவ்வொரு தடவையும் அது ஆரம்பிச்ச இடத்துக்குச் சரியாத்தான் ஆடுது. அதே இடம் எனக்கு ரெண்டாவது தடவை கிடைக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்." பட்டையை மெல்லத் தடவினார். எனக்கென்னவோ அவர் பட்டையைப் பற்றி மட்டும் பேசியதாகத் தோன்றவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அத்தான், அந்த ரெண்டாவது மூட்டை இறுக்கிட்டா ஒத்தை ஊசல் ஆயிடும். அக்காவுக்கு என்ன தெரியப்போகுது?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த ஸ்டூலுக்கு அடியில் போயிருக்க வேண்டும். "கருவியை ஏமாத்தச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை சரியாக மூன்று மணிக்கு அக்கா வந்தாள். மணிக்கட்டில் புதுக் கடிகாரம். அத்தான் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி துணியை எடுத்துப் பட்டையைத் துடைத்தார்.

முதல் தடவை விட்டார். கீழ்ப்பட்டை இரண்டு தடவை தலைக்குமேல் சுற்றியது. இரண்டாவது தடவை விட்டார். சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றாமல் உதறிக்கொண்டு திரும்பியது. மூன்றாவதை அவர் விடவில்லை. பட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"நான் தோத்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது ரெண்டுமே முடிவானபடிதான் ஆடிச்சு. விட்ட இடத்துல இருந்த வித்தியாசம் நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"நான் எப்ப இல்லன்னு சொன்னேன்?" என்றாள் அக்கா.

அத்தான் விழித்தார். நானும் விழித்தேன். இருபது வருடச் சண்டையில் இது புது அடி.

"எல்லாம் முடிவானதுன்னே வச்சுக்கங்க. உலகம் உண்டான அன்னிக்கே நான் அந்தக் கேட்டுக்கு வெளிய நிக்கணும்னு முடிவாச்சு. சரி. அந்த முடிவு அங்கேருந்து கிளம்பி என்கிட்ட வந்து சேர எந்த வழியா வந்துச்சு? ஆகாசத்துலேருந்து குதிச்சுதா? உங்க ரெண்டு விரல் வழியாத்தானே வந்துச்சு? உங்க விரல் இல்லாம அது என்கிட்ட வந்திருக்குமா?"

அத்தான் தன் விரல்களைப் பார்த்தார்.

"வேற மாதிரி நடந்திருக்குமான்னு நான் கேக்கவே இல்லைங்க. யாரால நடந்துச்சுன்னுதான் கேட்டேன். நீங்க ஒரு தடவை 'நான்'னு சொல்லியிருந்தா போதும். அதுக்குப் பதிலா உலகத்தை இழுக்கறீங்க." குரல் உடைந்துவிட்டது. "நான் அங்கேருந்து நடந்து வந்தேன். தனியா. மூணு வருஷம் படிச்சுட்டு."

அத்தான் பட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான்" என்றார் அத்தான். வாய்க்குப் பழகாத வார்த்தை, தட்டுத் தடுமாறித்தான் வந்தது. "என் கைதான் பண்ணுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுடும்மா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அங்கேதான் வினை.

"அது சரி, கால் சுத்து எங்க, அஞ்சு சுத்து எங்க? எண்ணிக்கையில நீங்க தப்பவே மாட்டீங்களே. அன்னிக்கு என்ன ஆச்சு?"

அத்தான் கூரையைப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். லென்ஸ் டப்பாவைப் பார்த்தார். அந்த அறையில் அவர் பார்க்காத ஒரே பொருள் நான்தான்.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். அந்த வியாழன் மாலை போன் செய்தது நான். என் கடைக்கு ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக்கொடுக்க வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் மனைவி வேறு ஆள் மாதிரி தெரிகிறாள் என்பது அவருடைய புகார். அதைக் குரல் மாற்றி நடித்தே காட்டினேன். அத்தான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நட்டில் கை வைத்திருந்தார். ஐந்து இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்புக்கு ஒரு சுற்று. இத்தனை வாரமும் அதை அவர் அக்காவிடம் மூச்சு விடவில்லை. உலகம் உண்டான நாளை இழுத்தவர், மூன்று தெரு தள்ளி இருந்த மைத்துனனை இழுக்கவில்லை. நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வசதியாகவும் இருந்தது.

"அக்கா" என்றேன். சொல்லிவிட்டேன்.

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"போன் பண்ணினது அவன். சுத்தினது நான்தானே" என்றார் அத்தான்.

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஓரமாகக் கட்டியிருந்த இரும்புக் குண்டின் கயிற்றை அவிழ்த்தாள்.

"சுவத்துல மண்டையை ஒட்டி நில்லுடா."

"அக்கா..."

"நில்லு."

நின்றேன். குண்டு என் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

"அத்தான், ஒண்ணும் ஆகாதே?"

"தள்ளாம விட்டா ஒண்ணும் ஆகாது மாப்ள. அசையாம நில்லு."

"தள்ளினா?"

"அது ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். "அது அவ கையில இருக்கு" என்றார்.

அவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, ஒரு விஷயம் ஒருவர் கையில் இருப்பதாக அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. குண்டைப் பிடித்தபடியே அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

தள்ளினாளா, சும்மா விட்டாளா என்று கேட்காதீர்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கொக்கி முனகும் சத்தம் தூரமாகப் போனது, நின்றது, என்னைப் பார்த்து வந்தது. மூக்கில் காற்று அடித்தது. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசை மேல் குனிந்திருந்தார்கள். அக்கா பையிலிருந்து பரீட்சை ஃபாரத்தை எடுத்து விரித்திருந்தாள். தொட மாட்டேன் என்று சபதம் போட்டவள் அதை ஏற்கெனவே அழகாக நிரப்பி வைத்திருந்தாள். முகவரி என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அத்தான் பேனாவை வாங்கி, எழுத்து கோணாமல், தங்கள் வீட்டு எண்ணை அதில் எழுதிக்கொண்டிருந்தார். குண்டு எனக்கு முன்னால் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. நான் நகரலாமா என்று கேட்டேன். யார் காதிலும் விழவில்லை.